பாக்கிக்கு வந்தது

கதவுக்குப் பாக்கி இரண்டாயிரம் ராண்ட்.
நியூசிலாந்து போகிற அவசரத்தில்
கிரீசன் கோவெண்டர்
பணத்துக்குப் பதில் ஒரு கூண்டைத் தூக்கி
என் வண்டியில் வைத்தான்.
உள்ளே சாம்பல் நிறத்தில்
ஒரு கைப்பிடி மேகம், இரண்டு காது.
"சின்சில்லா, அங்கிள். சத்தமே போடாது."

இரவு இரண்டு மணிக்குத் தொடங்கும்.
கிர்ர்ர், டக், கிர்ர்ர்.
பல்லில் கம்பியைக் கவ்வி
சுருதி சேர்க்கிற மாதிரி இழுக்கும்.
சாட்ஸ்வொர்த் நாய்கள்கூட ஓய்ந்துபோன நேரத்தில்
அதற்கும் எனக்கும் மட்டும் விடிந்திருக்கும்.
மோகாம்பரி அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள்.
எதைக் கொடுத்தாலும் குறை,
கேட்காமலே ஏசி.

என் தொழிலே கம்பிதான்.
முப்பத்தொரு வருஷமாக
ஜன்னலுக்கு, வாசலுக்கு,
ஒருமுறை ஒரு கோழிக்கடைக் கல்லாவுக்கு
பற்றவைத்துக் கொடுத்திருக்கிறேன்.
கம்பி வளைந்தால் வந்தவன் திருடன்.
கம்பி துருப்பிடித்தால் நான் திருடன்.
உள்ளேயிருந்து ஒருவன் கடித்ததாக
இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

முதலில் எலுமிச்சைச் சாறு தடவினேன்.
நக்கிவிட்டு, உப்பு எங்கே என்பதுபோல் பார்த்தது.
மிளகாய்த்தூளோடு போன என் கையை
மோகாம்பரி பிடித்துக்கொண்டாள்:
"அதென்ன, உன் மட்டன் கறியா?"
பிறகு பழைய கம்பிகளை வெட்டிவிட்டு
எட்டு மில்லியில் புதிதாக அடித்தேன்.
அதையும் கடித்தது.
சத்தம் மட்டும் ஒரு கட்டை இறங்கியது.

டாக்டர் சிபியா வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
பல்லில் கோளாறில்லை.
பழைய கம்பியின் துத்தநாகப் பூச்சு வயிற்றுக்கு ஆகாது,
நல்லவேளை எடுத்தீர்கள், மெல்ல மரம் கொடுங்கள்.
"அது கடிக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"
எழுந்து போய்த் திட்டுவேன்.
"திட்டிவிட்டு?"
ஒரு சிட்டிகை ஓட்ஸ் கொடுப்பேன்.
அவர் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்தார்.

ஹோவிக் பக்கம் வேலைக்குப் போனபோது
ஆற்றோரத்து வில்லோ கிளை நாலு ஒடித்து வந்து
கழுவி, காயவைத்து, தொங்கவிட்டேன்.
மருந்தடிக்காத பைன் துண்டுகள்,
குவியலாக வைக்கோல்.
எனக்குத் தனியாக ஒரு மருந்து:
எழக்கூடாது.

முதல் நாள் நாற்பது நிமிஷம்.
இரண்டாம் நாள் ஒரு மணிக்கும் மேல்.
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டுகிற தட்டு அது.
வீட்டில் ஆள் இருப்பது
அவனுக்குத் தெரியும்.
தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு
நான் யாருக்கெல்லாம் பாக்கி என்று எண்ணிப் பார்த்தேன்.
தம்பிக்கு ஒரு போன்.
மோகாம்பரிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக.

மூன்றாம் நாள் பத்து மணிக்குக் கரண்ட் போனது.
டர்பன் பிப்ரவரி, ஏசி செத்த அறை,
சுவரே வியர்க்கிற புழுக்கம்.
இரண்டு மணி ஆயிற்று.
சத்தமில்லை.
இரண்டே கால்.
சத்தமில்லாததுக்கு எழுந்து ஓடினேன்.

டைல்ஸில் வயிறு ஒட்டிப் படுத்திருந்தது,
காது இரண்டும் சிவந்து.
ஃப்ரீசரில் மிச்சமிருந்த ஐஸ் பாட்டிலை
என் காலுறைக்குள் திணித்து அருகே சாய்த்தேன்.
அதில் முதுகைச் சேர்த்துக்கொண்டது.
இருட்டில் பக்கத்தில் உட்கார்ந்து
நாளிதழை மடித்து விசிறினேன்.
கரண்ட் வந்தபோது
என் கட்டைவிரலைப் பல்லால் பிடித்திருந்தது,
கடிக்காமல்.

இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில்
கூண்டைத் திறந்துவிடுகிறேன்.
கூடத்தில் ஒரு மணி நேரம், அதன் இஷ்டம்.
சுவரில் ஏறித் திரும்பும், சோபாவைத் தாண்டும்,
மண்ணில் புரண்டு மோகாம்பரியின் கறுப்புப் பாவாடையைப்
பழுப்பாக்கும்.
இரவில் மரம் கொறிக்கிற சத்தம் வரும்.
சில நாள் கம்பியும்,
பழைய பாக்கியை ஞாபகப்படுத்துகிற மாதிரி
ஒரு இழுப்பு.

நேற்று வாசல் கிரில் வரை போனது.
கல்யாணமான வருஷம் நான் அடித்தது.
இடைவெளியில் வலை கட்டியிருக்கிறேன், போக முடியாது.
பின்னங்கால்களில் எழுந்து நின்று
நடுக்கம்பியில் பல்லை வைத்தது.
ஒரே ஒரு தடவை.
வேலை நல்ல வேலை என்றா,
ருசி இல்லை என்றா,
திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.